நீரைப் படிக்கும் கல்வி

நெல் விளைவிப்பவர் தம் பயிரை நாள்தோறும் கண்ணால் காண்கிறார். இலை மஞ்சளித்தால் அவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது. மாடு வளர்ப்பவர் அதன் கண்ணையும் மூக்கையும் பார்த்தே நோயை அறிகிறார். மீன் வளர்ப்பவருக்கு அந்த வசதி கிடையாது. ஒரு ஹெக்டேர் குளத்தில் ஐயாயிரம் மீன்கள் வளர்ந்துகொண்டிருந்தாலும் கரையில் நிற்பவருக்குத் தெரிவது பச்சை நீர் மட்டுமே. அந்நீரின் நிறம், மணம், வெப்பம், அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் ஆகியவற்றைக் கொண்டே உள்ளே வாழும் உயிர்களின் நிலையை அவர் உய்த்துணர வேண்டும். இவ்வாறு நீரைப் பார்த்து மீனை அறியக் கற்றவரே மீன்வளத் தொழில்நுட்பர்.

மீன் என்றதும் கடலும் படகும் வலையும் நினைவுக்கு வருவது இயல்பு. கோடை விடுமுறையில் தூத்துக்குடிக்கோ நாகப்பட்டினத்திற்கோ சென்று திரும்பும் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. ஆயினும் இந்தியாவின் மொத்த மீன் உற்பத்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு குளம், ஏரி, ஆறு, நீர்த்தேக்கம் முதலிய உள்நாட்டு நீர்நிலைகளிலிருந்தே கிடைக்கிறது. மீன் வளர்ப்பில் நம் நாடு உலகில் இரண்டாம் இடத்தில் உள்ளது. கொல்கத்தாச் சந்தையில் ‘ரூயி’ என்றும், தில்லியில் ‘ரோஹு’ என்றும் கேட்டு வாங்கப்படும் மீனைத் தமிழில் ரோகு என்கிறோம். ரோகு, கட்லா, மிர்கால் என்னும் மூன்றும் இந்தியப் பெருங்கெண்டைகள் எனப்படும். கட்லா நீரின் மேற்பகுதியிலும், ரோகு நடுப்பகுதியிலும், மிர்கால் அடித்தரையிலும் இரை தேடுகின்றன. ஒன்றன் உணவை மற்றொன்று பறிப்பதில்லை என்பதால் மூன்றையும் ஒரே குளத்தில் வளர்க்கலாம். கூட்டுமீன் வளர்ப்பு எனப்படும் முறையின் அடிப்படை இதுவே.

குளத்தில் பேரிழப்பு பெரும்பாலும் விடியலுக்குச் சற்று முன்னர்தான் நேர்கிறது. மாலையில் துள்ளி விளையாடிய மீன்கள் அதிகாலை நான்கு மணிக்கு நீரின் மேற்பரப்புக்கு வந்து, வாயைத் திறந்து திறந்து மூடும். அறியாதவர் அதைப் பசி என்று எண்ணித் தீவனத்தை அள்ளிப் போடுவார். அது மிகப் பெரிய தவறு. மீன்கள் அப்போது மூச்சுக்குத் திணறுகின்றன.

இதன் காரணத்தை அறிய, குளத்துநீர் ஏன் பச்சையாக இருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய தாவரங்கள் கோடிக்கணக்கில் நீரில் மிதக்கின்றன. இவை தாவர மிதவை உயிரிகள் எனப்படும். பகலில் கதிரவன் ஒளியில் இவை ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை நீரில் சேர்க்கின்றன. இரவில் ஒளிச்சேர்க்கை நின்றுவிடுகிறது, சுவாசம் நிற்பதில்லை. மீனும், மிதவை உயிரியும், அடிச்சேற்றில் அழுகும் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவும் சேர்ந்து பகலில் சேர்ந்த ஆக்சிஜனைச் சிறிது சிறிதாகச் செலவிடுகின்றன. எனவே கதிரவன் எழுவதற்குச் சற்று முன்னர் அதன் அளவு மிகக் குறைந்திருக்கும். முதல் நாள் முழுவதும் வானம் மூடியிருந்தாலோ, அளவுக்கு மீறித் தீவனம் இட்டிருந்தாலோ மீன் பிழைக்கத் தேவையான அளவும் எஞ்சாது. ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தால் கெண்டைமீன்கள் நலமாக வளரும். அது 1 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கினால் சில மணி நேரத்திற்குள் குளம் முழுவதும் மீன்கள் செத்து மிதக்கக்கூடும். ஓராண்டு உழைப்பும், அதற்காக வாங்கிய கடனும் ஒரே விடியலில் கண்முன் நிற்கும்.

பயிற்சி பெற்றவர் அந்நேரத்தில் செய்ய வேண்டியவற்றை அறிவார். தீவனத்தையும் உரத்தையும் உடனே நிறுத்துவார்; காற்றூட்டி எந்திரத்தை இயக்குவார்; கிணற்றுநீரையோ வாய்க்கால் நீரையோ மேலிருந்து சிதறி விழுமாறு பாய்ச்சுவார். எந்திரம் இல்லாத சிற்றூரில் நாலைந்து பேரைக் கூட்டி, மூங்கில் கழிகளால் நீர்ப்பரப்பை அடித்துக் கலக்கச் செய்வார். கலங்கும் நீரில் காற்று சேரும். இம்முறை பார்ப்பதற்கு எளியது. பல குளங்களைக் காப்பாற்றியிருப்பது.

ஆனால் மீன்கள் மேலே வரும்வரை காத்திருப்பது நல்ல தொழில்நுட்பருக்கு அழகன்று. ஆபத்தை முன்னரே அறியத்தான் நீர்ச்சோதனை கற்பிக்கப்படுகிறது. கறுப்பும் வெள்ளையும் தீட்டிய, 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி நீருள் இறக்குவார்கள். இதற்குச் செக்கி தட்டு என்று பெயர். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழம் 30 முதல் 40 சென்டிமீட்டராக இருந்தால் மிதவை உயிரிகள் போதிய அளவில் உள்ளன. அதைவிடக் குறைந்த ஆழத்திலேயே தட்டு மறைந்தால், நீர் பச்சைக்குழம்பு ஆகிவிட்டது. இரவில் ஆக்சிஜன் குறையப் போகிறது என்று பொருள். ஆக்சிஜனின் அளவைத் துல்லியமாக அறிய விங்க்லர் முறை உண்டு. கண்ணாடிக் குப்பியில் ஒரு காற்றுக்குமிழிகூடப் புகாதவாறு நீரை எடுக்க வேண்டும். அதில் மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் சேர்த்தால் பழுப்பு நிற வீழ்படிவு தோன்றும். படிவு எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு ஆக்சிஜன். பின்னர் அமிலம் சேர்த்து அதைக் கரைத்து, தயோசல்பேட்டுக் கரைசலைச் சொட்டுச்சொட்டாக விட்டு அளவிடுவர். இன்று மின்கருவியை நீரில் இட்டதும் எண் தெரிந்துவிடுகிறது. இருப்பினும் பயிற்சி நிலையங்கள் விங்க்லர் முறையைக் கைவிடவில்லை. கருவி பிழையாகக் காட்டுகிறதா என்று சரிபார்க்க அதுவே துணை.

சோதனையின் முடிவு பதிவேட்டில் ஏற வேண்டும். நாள், நேரம், வெப்பநிலை, ஆக்சிஜன், கார அமில நிலை, இட்ட தீவனம், இறந்த மீன்களின் எண்ணிக்கை என்று கட்டங்கள் இருக்கும். மீன் எதுவும் இறக்காத நாளிலும் கடைசிக் கட்டத்தில் சுழியம் எழுத வேண்டும் என்பதில் பயிற்றுநர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். கட்டம் வெறுமையாக இருந்தால், அன்று யாரும் பார்க்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டியிருக்கும்.

மீன் வளர்ப்புக்குத் தமிழில் வழங்கும் சொற்கள் பல நெல் வயலிலிருந்து வந்தவை. வளர்ப்பதற்காக வாங்கும் இளங்குஞ்சு ‘மீன்விதை’. தானாகப் பெருகி இரையைப் பங்குபோடும் சிறுமீன் ‘களைமீன்’. குஞ்சுகளை முதலில் விட்டு வளர்க்கும் சிறிய குளம் ‘நாற்றங்கால் குளம்’. நாற்றங்கால் என்பது நெல் விதையைத் தூவி நாற்று வளர்க்கும் சிறு நிலம். அங்கிருந்து நாற்றைப் பிடுங்கித்தான் வயலில் நடுவார்கள். நகரத்துக் குடியிருப்புகளில் வளரும் பிள்ளைகள் நாற்றங்காலைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் இச்சொல்லின் பொருளை அறிந்தால் குஞ்சுகளை ஏன் நேரே பெரிய குளத்தில் விடுவதில்லை என்பது தானே விளங்கும்.

விதைக்கும் முன் நிலத்தைப் பண்படுத்துவது போலக் குளத்தையும் பண்படுத்த வேண்டும். விரால், கெளுத்தி போன்ற இரைதின்னி மீன்கள் குளத்தில் எஞ்சியிருந்தால் குஞ்சுகள் ஒன்றும் மிஞ்சா. நீரை முற்றிலும் வடிக்க இயலாத குளத்தில் இலுப்பைப் பிண்ணாக்கு இடப்படுகிறது. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் குளத்திற்கு 2500 கிலோ தேவை. பிண்ணாக்கிலுள்ள சப்போனின் என்னும் பொருள் மீன்களின் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கொல்லும்; ஏறத்தாழ மூன்று வாரங்களில் நஞ்சு நீங்கிப் பிண்ணாக்கே குளத்திற்கு எருவாகிவிடும். நாற்றங்கால் குளத்தில் குஞ்சுகளைக் கவ்விக் கொல்லும் நீர்ப்பூச்சிகளும் உண்டு. இவை காற்றைச் சுவாசிக்க அடிக்கடி மேற்பரப்புக்கு வருபவை. குஞ்சுகளை விடுவதற்கு முன்னாள், சோப்பும் எண்ணெயும் கலந்த கலவையை நீர்ப்பரப்பில் தெளித்தால் மெல்லிய படலம் பரவும். மேலே வரும் பூச்சி மூச்சுவிட இயலாமல் மடியும். விலை மிகுந்த மருந்து எதுவும் இங்கே தேவைப்படவில்லை. பூச்சி எவ்வாறு மூச்சு விடுகிறது என்னும் அறிவு தேவைப்பட்டது.

இனி மீன்விதையைப் பற்றிக் காண்போம். பெருங்கெண்டைகள் ஆற்றில் வெள்ளம் புரளும் மழைக்காலத்தில் முட்டையிடுபவை. தேங்கிய குளத்தில் அவற்றின் வயிற்றில் சினை முதிரும். ஆனால் முட்டை வெளிவராது. ஆகையால் முற்காலத்தில் கங்கை முதலிய ஆறுகளில் வெள்ளம் வரும்போது நுண்வலை கட்டிக் குஞ்சுகளைப் பிடித்தனர். பிடித்தவற்றில் பயனுள்ள இனம் எது, களைமீன் எது என்று பிரித்தறிவது அரிது. வங்காளத்தின் மீன்விதை வணிகர்கள் அக்குஞ்சுகளை ‘ஹண்டி’ என்னும் பானைகளில் நீருடன் நிரப்பித் தொலைவிலுள்ள ஊர்களுக்கு எடுத்துச் சென்றனர். வழிநெடுகத் தம் கையாலேயே நீரை ஓயாமல் தட்டிக்கொண்டிருப்பார்கள். காற்றூட்டி எந்திரம் இன்று செய்யும் வேலையை அக்காலத்தில் மனிதரின் உள்ளங்கை செய்தது. அவர்களுக்கு விங்க்லரைத் தெரியாது. நீரைத் தட்டுவது நின்றால் குஞ்சுகள் சாகும் என்பது தெரியும்.

இந்நிலையை மாற்றியவர் ஹீராலால் சௌதுரி என்னும் அறிவியலறிஞர் (1921–2014). அவர் கட்டாக்கில் இருந்த மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் குள மீன் வளர்ப்புப் பிரிவில் பணியாற்றினார். மூளையின் அடியில் அமைந்த பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி சுரக்கும் ஹார்மோன்தான் முட்டையிடுதலைத் தூண்டுகிறது. ஒரு மீனின் சுரப்பியை எடுத்து, அரைத்து, அதன் சாற்றை மற்றொரு மீனுக்கு ஊசி மூலம் செலுத்தினால் குளத்திலேயே முட்டையிடச் செய்யலாம் என்னும் கருத்தைத் தென் அமெரிக்க அறிஞர்கள் 1930களில் சோதித்திருந்தனர். பெருங்கெண்டைகளில் அதை வெற்றியாக்க இந்தியாவில் பலர் முயன்றனர். ஒடிசாவின் அங்குல் என்னும் ஊரில் 1957 ஜூலை 10 அன்று சௌதுரியின் முயற்சி பலித்தது. ஆண்டுதோறும் ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுவது இதன் நினைவாகவே. இன்று நாட்டில் வளர்க்கப்படும் பெருங்கெண்டைகளில் மிகப் பெரும்பான்மையானவை ஊசியால் தூண்டப்பட்ட தாய்மீன்களின் வழிவந்தவை.

குஞ்சுப் பொரிப்பகத்தில் பயிற்சி பெறும் மாணவர் இந்த ஊசியைப் போடக் கற்கிறார். வயிறு பருத்து மென்மையாக உள்ள பெண்மீனையும், வயிற்றை மெல்ல அழுத்தினால் பால் போன்ற விந்து வடியும் ஆண்மீனையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மீனை எடைபோட்டு, எடைக்கேற்ப மருந்தைக் கணக்கிட வேண்டும். சுரப்பிச் சாறு எனில், பெண்மீனின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் முதல் ஊசியில் 2 முதல் 3 மில்லிகிராம். ஆறு மணி நேரம் கழித்து இரண்டாம் ஊசியில் 5 முதல் 8 மில்லிகிராம். ஆண்மீனுக்கு அப்போது ஒரே ஊசி போதும். ஈரத்துணியில் மீனைப் பொதிந்து, வால் அடியிலுள்ள தசையில் செதிலுக்கு இடையே ஊசியைச் செலுத்துவர். இப்போது ஓவாப்ரிம் போன்ற செயற்கை மருந்துகள் வந்துவிட்டதால் பெண்மீனுக்கும் ஒரே ஊசி போதுமானதாகிவிட்டது. அளவு கூடினாலும் குறைந்தாலும் பயனில்லை. அந்த ஆண்டுக்கான தாய்மீன் வீணாகும். சில வேளை இறந்தும் போகும்.

மாலை ஆறு மணிக்கு முதல் ஊசி போட்டால் நள்ளிரவில் இரண்டாவது ஊசி, விடியற்காலையில் முட்டை. ஒரு கிலோ எடையுள்ள ரோகு ஏறத்தாழ இரண்டு இலட்சம் முட்டைகள் இடும். அவை நீரை உறிஞ்சி ஊறிய சவ்வரிசி போல் உப்பும். கருவுற்றவை கண்ணாடி போல் தெளிந்திருக்கும், கருவுறாதவை வெண்மையாகிவிடும். இம்முட்டைகளை வட்டத் தொட்டியில் இட்டு, நீர் இடைவிடாமல் சுழன்றுகொண்டிருக்குமாறு செய்வர். ஏறத்தாழ 15 முதல் 18 மணி நேரத்தில் குஞ்சு பொரிக்கும். அதுவரை நீரோட்டம் நிற்கக்கூடாது. நின்றால் முட்டைகள் அடியில் படிந்து மூச்சடைத்து அழியும். மழைக்காலத்தில்தான் மின்சாரம் அடிக்கடி தடைபடுகிறது. மீன்கள் முட்டையிடும் காலமும் அதுவே. ஆதலால் பொரிப்பகத்தில் உயரத்தில் ஒரு நீர்த்தொட்டியும், டீசலில் இயங்கும் மின்னாக்கியும், உறங்காத ஒரு மனிதரும் இருந்தே தீர வேண்டும். பயிற்சி மாணவர்களின் ஜூலை, ஆகஸ்ட் மாத இரவுகள் பெரும்பாலும் அந்த மூன்றாவது இடத்தில் கழியும்.

பொரித்த குஞ்சு மூன்று நாள்கள் தன் வயிற்றிலுள்ள கருவுணவைக் கொண்டே வாழும். பின்னர் நாற்றங்கால் குளம். இரண்டு மூன்று வாரங்களில் அது ஓர் அங்குல நீளம் பெறும். இரண்டு மூன்று மாதங்களில் விரல் நீளம் வளர்ந்து ‘விரலி’ எனப்படும். நன்கு பேணிய நாற்றங்காலிலும் பாதிக் குஞ்சுகள் பிழைத்தால் அது நல்ல விளைவே. விரலிகளைத் தொலைவுக்கு அனுப்பும்முன் ஒரு நாள் பட்டினி போடுவார்கள். குடல் வெறுமையாக இருந்தால் பையிலுள்ள நீர் கழிவால் கெடாது. பையில் ஒரு பங்கு நீரும் இரு பங்கு ஆக்சிஜனும் நிரப்பிக் கட்டுவர். சேர்ந்த இடத்தில் பையை உடனே அவிழ்க்காமல் குளத்து நீரின்மேல் கால்மணி நேரம் மிதக்கவிடுவர். இரு நீரின் வெப்பமும் சமமான பின்னரே குஞ்சுகள் வெளியே நீந்தவிடப்படும்.

இத்தொழிலில் கணக்குக்கும் இடமுண்டு. குளத்தில் 5000 மீன்கள். வலை வீசிச் சிலவற்றைப் பிடித்து எடைபோட்டதில் ஒரு மீனின் சராசரி எடை 200 கிராம். எனில், குளத்திலுள்ள மீன்களின் மொத்த எடை 1000 கிலோ. அதில் நூற்றுக்கு இரண்டு வீதம் நாள்தோறும் தீவனம் இட வேண்டுமானால் 20 கிலோ. சராசரி எடையைத் தவறாக 300 கிராம் என்று கொண்டால் நாளொன்றுக்கு 10 கிலோ தீவனம் உண்ணப்படாமல் அடியில் அழுகும். பணம் வீணாவதோடு, அழுகும் தீவனம் மேலே சொன்ன அதிகாலைத் திணறலையும் கொண்டுவரும்.

இக்கல்வியைப் பெறும் வழிகள் பல. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலுடன் அறிவியல் படித்தவர்கள் இளநிலை மீன்வள அறிவியல் என்னும் நான்காண்டுப் பட்டப்படிப்பில் சேரலாம். நாட்டின் முதல் மீன்வளக் கல்லூரி மங்களூரில் 1969-இல் தொடங்கப்பட்டது. தூத்துக்குடிக் கல்லூரி 1977-இல் எழுந்தது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தமிழகத்தில் மீன்வளத்துக்கென்றே ஒரு பல்கலைக்கழகமும் இயங்குகிறது. பிற மாநிலங்களில் வாழ்வோர் தொலைவு செல்ல வேண்டியதில்லை. உத்தரகண்டின் பந்த்நகர், மகாராட்டிரத்தின் ரத்னகிரி, ஒடிசாவின் ரங்கைலுண்டா, அசாமின் ராகா, திரிபுராவின் லெம்புசெரா, பஞ்சாபின் லூதியானா ஆகிய இடங்களிலும் கல்லூரிகள் உள்ளன. மேற்படிப்புக்கு மும்பையில் 1961-இல் நிறுவப்பட்ட மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் சிறந்தது. கடலை விரும்புவோருக்குக் கொச்சி, சென்னை, விசாகப்பட்டினம் ஆகிய மூன்று நகரங்களில் மத்திய மீன்வளக் கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் கணிதமும் அறிவியலும் படித்துத் தேறியவர்கள் அங்கே மீன்பிடிக் கப்பலைச் செலுத்தவும், அதன் எந்திரத்தைப் பேணவும் இரண்டாண்டுத் தொழிற்பயிற்சி பெறலாம். புவனேசுவரத்தை அடுத்த கௌசல்யாகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனமும், சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனமும் குறுகிய காலப் பயிற்சிகளை அளிக்கின்றன.

கடலே இல்லாத அரியானாவில் இறால் வளர்கிறது என்றால் வியப்பாக இருக்கும். ரோத்தக் பகுதியில் நிலத்தடி நீர் உப்பாகிப் பயிர் விளையாமல் கிடந்த நிலங்கள் உண்டு. அந்த உப்புநீரில் கடல்நீரில் உள்ள அளவு பொட்டாசியம் இல்லாததே இறாலுக்குக் குறை என்று கண்டறியப்பட்டது. பொட்டாசு உரத்தைச் சேர்த்ததும் இறால் வளர்ந்தது. மும்பை நிறுவனத்தின் கிளை ஒன்று ரோத்தக்கை அடுத்த லாஹ்லியில் இதற்கெனவே செயல்படுகிறது. உழவர் பயனற்றது என்று கைவிட்ட நிலத்தைக் காப்பாற்றியது ஒரு நீர்ச்சோதனை.

படிப்பை முடித்ததும் அரசு வேலை கிடைத்துவிடும் என்று எண்ணிச் சேர்வது சரியன்று. மீன்வளத் துறைகளில் பணியிடங்கள் குறைவு, போட்டி மிகுதி. பொரிப்பகங்கள், இறால் பண்ணைகள், தீவன ஆலைகள், மீன் பதப்படுத்தும் நிறுவனங்கள் ஆகியவையே பலருக்கு வேலை தருகின்றன. அங்கே தொடக்க ஊதியம் பெரிதாக இராது. பண்ணைகள் ஊருக்கு வெளியே இருக்கும். மழைக்காலத்தில் விடுப்புக் கிடைப்பது அரிது. உடையில் ஏறும் மீன் மணத்தைச் சில வீட்டார் விரும்புவதில்லை. சொந்தக் குளமோ குத்தகைக் குளமோ எடுத்துத் தாமே வளர்ப்போரும் உள்ளனர். அவர்களுக்கு வருவாய் கூடுதல், இழப்பும் அவர்களுடையதே.

பிற மாநிலங்களில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளிடம் இத்தொழிலுக்கு உதவும் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி என்று அவர்கள் பழகியிருக்கிறார்கள். மீன்வளத் தொழில்நுட்பர் எந்த மாநிலத்தில் பணியேற்றாலும் குளத்துக்காரரிடம் பேச வேண்டியது அவ்வூர் மொழியில்தான். ஆந்திரத்தின் கொல்லேறு ஏரிப் பகுதியில் அது தெலுங்கு. நைஹாட்டியின் மீன்விதைச் சந்தையில் வங்காளம். மீன்கள் திணறும் அதிகாலையில், நேற்று வானம் மூடியிருந்ததா, கடைசியாக எரு இட்டது எப்போது, தீவனம் மிஞ்சியதா என்னும் மூன்று கேள்விகளுக்குக் குளத்துக்காரர் தம் மொழியில் தயங்காமல் விடை சொல்லிவிட்டால், சோதனைக் குப்பியைத் திறக்கும் முன்பே காரணம் பாதி விளங்கிவிடும்.